ஹால் என்பது கூடம் அல்ல!

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகும் சாலையில் காடாம்புலியூர் இருக்கிறது. சுற்றிலும் முந்திரித் தோப்பு, பலா மரம், செம்மண். இந்தச் சாலையில் இப்போது பெட்ரோல் வண்டிகளோடு பேட்டரி ஸ்கூட்டர்களும் பேட்டரி ஆட்டோக்களும் ஓடுகின்றன. பேட்டரி வண்டி ஒன்று திக்கித் திக்கி ஓடினால், அல்லது கைப்பிடியைத் திருகியும் நகராமல் உறுமினால், மெக்கானிக் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பார். ஹால் சென்சார் போயிருக்கும் என்பார்.

வண்டிக்கும் ஹாலுக்கும் என்ன சம்பந்தம்? விருந்தினர் வந்தால் உட்கார வைக்கும் கூடத்தை ஹால் என்கிறோம். கல்யாணம் நடக்கும் மண்டபத்தையும் ஹால் என்கிறோம். இந்த ஹால் அது அல்ல. இது ஒரு மனிதரின் பெயர்!

எட்வின் ஹெர்பர்ட் ஹால் என்பது அவருடைய முழுப் பெயர். அமெரிக்கர். காந்தத்தையும் மின்சாரத்தையும் பற்றி அவர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது 1879-ஆம் ஆண்டில். ஜெர்மனியில் பென்ஸ் என்பவர் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றதோ 1886-ல்தான். அதாவது, வண்டி பிறப்பதற்கு 7 ஆண்டு முன்பே வண்டிக்கு வேண்டிய பொருள் ஒன்று பிறந்துவிட்டது!

இளம் தலைமை ஆசிரியர்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. குளிர் மிகுந்த பிரதேசம். அங்கே கோர்ஹாம் என்னும் ஊர்ப் பகுதியில் 1855 நவம்பர் 7-ந் தேதி ஹால் பிறந்தார். அதே மாநிலத்திலுள்ள போடன் கல்லூரியில் படித்து 1875-ல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற கையோடு பள்ளிக்கூட வேலைக்குப் போனார். இரண்டு ஆண்டுகளில் இரண்டு பள்ளிகளில் தலைமை ஆசிரியராக இருந்தார். அப்போது அவருக்கு வயது 20, 21!

பிறகு விஞ்ஞானத்தின் பக்கம் திரும்பினார். ஏன் திரும்பினார் என்பதை அவரே பிற்காலத்தில் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லியிருக்கிறார். விஞ்ஞானத்தின் மீது அவருக்கு அடங்காத மோகம் எதுவும் இல்லை. அதற்கென்றே பிறந்த மேதை என்று அவர் தம்மைக் கருதவும் இல்லை. அது நாளுக்கு நாள் வளரும் துறை; அதில் பொய்க்கு இடம் இல்லை; அறிவும் நேர்மையும் அங்கே செல்லும். இவ்வளவுதான் காரணம். பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் தொட்டிலிலேயே மேதை என்று தொடங்குவது வழக்கம். ஹால் விஷயத்தில் அப்படி எழுத வழி இல்லை.

1877-ல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணாக்கராகச் சேர்ந்தார். அந்தப் பல்கலைக் கழகம் திறந்து அப்போது ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. அங்கே ஹென்றி ரோலண்ட் என்பவர் இயற்பியல் பேராசிரியர். காந்த ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். ஹால் அவரிடம் வந்து சேர்ந்தார்.

புத்தகத்தில் ஒரு வரி

அந்தக் காலத்தில் மின்சாரம் படிக்கிறவர்களுக்கு வேதம் போல இருந்தது ஒரு புத்தகம். எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஸ்காட்லாந்து நாட்டவர். ஒளி என்பது மின்சாரமும் காந்தமும் சேர்ந்த அலையே என்று கணக்குப் போட்டுக் காட்டிய மகா மேதை. அவருடைய புத்தகம் 1873-ல் வெளிவந்தது. ஹால் அதைப் படித்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் நின்றுவிட்டார்.

மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தத்தின் அருகே வைத்தால் கம்பி ஒரு பக்கமாகத் தள்ளப்படும். இது ஹாலுக்கு முன்பே எல்லாரும் அறிந்த சங்கதி. வீட்டு மின்விசிறி சுற்றுவதும் காந்தம் இப்படித் தள்ளுவதால்தான். ஆனால் காந்தம் தள்ளுவது எதை? கம்பியையா, கம்பிக்குள் ஓடும் மின்சாரத்தையா? மேக்ஸ்வெல் தம் புத்தகத்தில், கம்பியைத்தான் தள்ளுகிறது, உள்ளே ஓடும் மின்சாரத்தை அல்ல என்று எழுதியிருந்தார்.

ஹாலுக்கு இது பிடிபடவில்லை. மின்சாரம் ஓடாத வெறும் கம்பியைக் காந்தம் தள்ளுவதில்லையே! செம்புக் கம்பியை எத்தனை பெரிய காந்தத்தின் முன் வைத்தாலும் அது சும்மா கிடக்கிறது. மின்சாரம் ஓடினால்தான் தள்ளுகிறது. மின்சாரம் கூடினால் தள்ளுவதும் கூடுகிறது. அப்படியானால் காந்தம் பிடித்துத் தள்ளுவது மின்சாரத்தையாகத்தானே இருக்க வேண்டும்?

சுவீடன் நாட்டு அறிஞர் எட்லண்ட் என்பவரின் கட்டுரை ஒன்றும் அந்தச் சமயம் ஹால் கையில் கிடைத்தது. அதில் மேக்ஸ்வெல் சொன்னதற்கு நேர் மாறான கருத்து இருந்தது. இரண்டு பெரியவர்கள், இரண்டு பேச்சு. 23 வயது மாணாக்கர் என்ன செய்வார்? பேராசிரியரிடம் போய்க் கேட்டார்.

ரோலண்ட் சிரித்து அனுப்பிவிடவில்லை. தமக்கும் அந்த வரியில் சந்தேகம் உண்டு என்றார். தாமே அவசரமாக ஒரு சோதனை செய்து பார்த்ததாகவும், ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னார். அவருக்கு வேறு வேலைகள் குவிந்திருந்தன. அந்த வேலையை ஹால் மேற்கொள்ள அனுமதி கொடுத்தார்.

தோற்ற சோதனை

காந்தம் மின்சாரத்தையே தள்ளுகிறது என்றால், கம்பிக்குள் மின்சாரம் ஒரு பக்கமாக ஒதுங்கும். அகலமான சாலையில் ஒரு பாதியை அடைத்துவிட்டால் வண்டிகள் போகத் தடை ஏற்படுகிறது அல்லவா? அது போல மின்சாரம் போகவும் தடை கூட வேண்டும். ஹால் இப்படி எண்ணி, ஜெர்மன் சில்வர் என்னும் உலோகக் கம்பியைச் சுருளாக்கி, பெரிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே வைத்து, தடை கூடுகிறதா என்று அளந்தார்.

கூடவில்லை. மிக நுட்பமாக அளந்தார். பல முறை அளந்தார். அப்போதும் கூடவில்லை.

பலர் இந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். மேக்ஸ்வெல் சொன்னதே சரி என்று எழுதிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஹால் வேறு விதமாக யோசித்தார்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் பலத்த காற்று அடிக்கிறது. கரை உடையவில்லை, தண்ணீர் வேறு வழி போகவும் இல்லை. மடைக்கு வந்து சேரும் தண்ணீரின் அளவு குறையவில்லை. ஆனால் கூர்ந்து பார்த்தால், ஒரு கரையோரம் நீர் மட்டம் சற்று ஏறியிருக்கும். எதிர்க் கரையோரம் சற்று இறங்கியிருக்கும். ஹால் முதலில் பார்த்தது மடைக்கு வரும் தண்ணீரின் அளவை. பார்க்க வேண்டியது இரு கரைகளுக்கும் உள்ள மட்ட வித்தியாசத்தை!

ரோலண்ட் முன்பு செய்து தோற்ற சோதனையும் ஏறக்குறைய இந்த வகைதான். அவர் கனமான உலோகத் தகட்டைப் பயன்படுத்தியிருந்தார். தகடு கனமாக இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். இந்தத் தடவை தங்க ரேக்கை வைத்துச் செய்து பார்க்கும்படி ரோலண்ட் யோசனை சொன்னார். தஞ்சாவூர்ப் படங்களில் ஒட்டுவார்களே, ஊதினால் பறந்துவிடும், அந்த மாதிரி ரேக்கு. ஹால் அதை ஒரு கண்ணாடித் துண்டின் மீது பதித்தார். நீளவாக்கில் மின்சாரம் செலுத்தினார். அகலவாக்கில் இரண்டு ஓரங்களையும் நுட்பமான மின்மானியோடு இணைத்தார். எல்லாவற்றையும் காந்தத்தின் நடுவே வைத்தார்.

1879 அக்டோபர் 28. காந்தத்தை இயக்கியதும் மின்மானியின் முள் நகர்ந்தது!

ஹால் துள்ளிக் குதிக்கவில்லை. காந்தத்தை இயக்கும் கணத்தில் மட்டும் முள் ஆடுவது வேறு விஷயம். அதை ஃபாரடே 1831-லேயே கண்டுபிடித்துவிட்டார். இங்கே முள் நகர்ந்த இடத்திலேயே நின்றது. காந்தம் இருக்கும் வரை நின்றது. காந்தத்தின் வடக்கையும் தெற்கையும் மாற்றினார். முள் எதிர்ப் பக்கம் போயிற்று. சந்தேகம் தீர்ந்தது.

அன்று அவருக்கு 24 வயது நிறையப் பத்து நாள் பாக்கி.

அமெரிக்காவிலிருந்து வெளிவந்த கணித ஏடு ஒன்றில் அந்த ஆண்டே கட்டுரை வந்தது. அதில் ஹால் பெயர் மட்டுமே இருந்தது. யோசனை சொன்ன பேராசிரியர் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஹாலும் ஆசிரியரின் உதவியை மறைக்காமல் எழுதினார். இந்தக் காலத்து ஆராய்ச்சி மாணாக்கர் சிலர் இதைப் படித்துப் பெருமூச்சு விடக்கூடும்.

இதில் ஒரு துயரமும் உண்டு. 1879 நவம்பர் 5-ந் தேதி மேக்ஸ்வெல் இறந்துபோனார். அவருக்கு வயது 48. வயிற்றில் புற்றுநோய். ஹாலின் முள் நகர்ந்து எட்டே நாள் ஆகியிருந்தது. தம் புத்தகத்தின் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியாமலே போயிற்று.

பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் தாம்சன், உலோகங்களின் மின் குணங்களைப் பற்றி ஃபாரடே காலத்துக்குப் பின் கண்ட உண்மைகளில் இதுவே ஆகப் பெரியது என்று பாராட்டினார். அவர் லேசில் பாராட்டுகிறவர் அல்ல. அந்தத் துறையில் தாமே கை வைத்தவர். காந்தம் பட்டால் இரும்பின் மின்தடை மாறுகிறது என்று 1856-லேயே கண்டவர். அந்தக் குணத்தை வைத்தும் இன்று வண்டிச் சென்சார்கள் செய்கிறார்கள்.

ஹால் தங்கத்தோடு நிற்கவில்லை. வெள்ளி, இரும்பு என்று மற்ற உலோகங்களையும் வைத்துப் பார்த்தார். இரும்பில் முள் தங்கத்துக்கு நேர் எதிராகப் போயிற்று! காரணம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கவும் வழி இல்லை. மின்சாரமாக ஓடுவது எலெக்ட்ரான் என்னும் துகள் என்பதே 1897-க்குப் பிறகுதான் தெரிந்தது. எதிர்ப் பக்கம் போகும் புதிருக்கு விடை காணப் பின்வந்த அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள்.

948 உருண்டைகள்

1880-ல் டாக்டர் பட்டம். 1881-ல் ஐரோப்பியப் பயணம். அதே ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக் கழகத்தில் வேலை. 1882-ல் கல்யாணம். 1895-ல் பேராசிரியர். 1921-ல் ஓய்வு. நாற்பது ஆண்டு ஒரே இடம்.

ஹார்வர்டில் அவர் செய்த ஒரு காரியம் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களையே மாற்றியது. அதுவரை பள்ளியில் இயற்பியல் என்றால் புத்தகத்தை நெட்டுருப் போடுவது. ஹால் 40 சோதனைகளைப் பட்டியல் போட்டார். கல்லூரியில் சேரும்போது இயற்பியலைப் பாடமாகக் காட்டுகிற பிள்ளைகள் அவற்றைத் தம் கையாலேயே செய்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும். 1880-களின் பின்பகுதியில் இந்த ஏற்பாடு வந்தது. நம் பள்ளிப் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டு எழுதுகிறார்களே, அதற்கு இவரும் ஒரு மூதாதை.

1902-ல் இன்னொரு வேலை செய்தார். பூமி சுழல்கிறது. ஆகவே உயரத்திலிருந்து விழும் பொருள் நேர்க் கீழே விழாமல் சிறிது கிழக்கே தள்ளி விழும். தெற்கேயும் தள்ளி விழும் என்று சிலர் சொல்லி வந்தார்கள். ஹால் 23 மீட்டர் உயரத்திலிருந்து உருண்டைகளைப் போட்டுப் பார்த்தார். பத்து இருபது அல்ல, 948 தடவை! கிழக்கே சராசரி ஒன்றரை மில்லி மீட்டர் தள்ளி விழுந்தது. தெற்கே தள்ளியதாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படி ஓர் ஆள்தான் தங்க ரேக்கையும் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியும்.

1919-ல் பாஸ்டன் நகரப் போலீசார் வேலை நிறுத்தம் செய்தார்கள். நகரில் கலகம். ஊரைக் காக்கத் தொண்டர்கள் தேவைப்பட்டார்கள். 63 வயதுப் பேராசிரியர் ஹால் தாமும் தொண்டராக முன்வந்தார். விடுமுறையில் இருந்த மாணாக்கர்களையும் திரும்பி வரும்படி அழைத்தார். வேலை நிறுத்தத்தில் நியாயம் யார் பக்கம் என்பது வேறு விவகாரம். அந்த வயதில் தெருவுக்கு வந்தார் என்பதைச் சொல்கிறேன்.

உலோகங்களில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதை அவர் கடைசி வரை விடவில்லை. அதைப் பற்றிய அவருடைய புத்தகம் 1938-ல் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பர் 20-ந் தேதி தம் 83-ஆம் வயதில் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கண்ட உண்மையின் கிளை ஒன்றை 1980-ல் கண்டுபிடித்த ஜெர்மானியர் கிளிட்சிங் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்!

கிணற்றில் வந்த கறுப்பு

ஹால் இறக்கும்போது அவர் கண்டுபிடிப்பால் ஊருக்குப் பெரிய பயன் எதுவும் ஏற்படவில்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் உலோகங்களைச் சோதிக்க உதவிற்று, அவ்வளவுதான்.

நெய்வேலிப் பக்கத்து ஜனங்களுக்கு இது ஆச்சரியமாக இராது. 1935-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய்க் கிணறு இறக்கினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி. ஆனால் சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தது 1957-ல். மண்ணை நீக்கி நிலக்கரியை எட்டியது 1961-ல். முதல் மின்சாரம் வந்தது 1962-ல். கண்டதற்கும் பயன்பட்டதற்கும் நடுவே கால் நூற்றாண்டு!

ஹாலின் புதையலுக்கு இன்னும் நாளாயிற்று. தங்கத்திலும் இரும்பிலும் கிடைக்கும் அந்த மட்ட வித்தியாசம் மிக மிகச் சொற்பம். 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வெல்கர் என்பவர் புதிய வகைக் குறைகடத்திப் பொருள்களை ஆராய்ந்தார். குறைகடத்தி என்பது உலோகத்தைப் போல மின்சாரத்தைத் தாராளமாக விடாது; பீங்கானைப் போல அடியோடு தடுக்கவும் செய்யாது. இத்தகைய பொருளில் ஹால் வித்தியாசம் பன்மடங்கு பெரிதாகக் கிடைத்தது. 1960-களில் அமெரிக்காவில் அதை ஒரு சிறு சிலிக்கான் சில்லில் அடக்கினார்கள். 1968-ல் அந்தச் சில் கம்ப்யூட்டர் விசைப் பலகைகளுக்குள் போயிற்று. பிறகு வண்டிகளுக்கு வந்தது. இன்று அதன் அளவு ஓர் உளுந்தை விடச் சற்றுப் பெரிது.

சக்கரத்தை எண்ணும் சில்

வண்டியில் அது செய்யும் வேலை என்ன?

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும்படி ஒரு பல் வளையம் வைக்கிறார்கள். பக்கத்தில், தொடாமல், ஒரு காந்தத்தையும் ஹால் சில்லையும் வைக்கிறார்கள். பல் எதிரே வரும்போது காந்தத்தின் பலம் சில்லில் கூடும். பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி வரும்போது குறையும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துடிப்பு. வண்டியிலுள்ள சிறு கம்ப்யூட்டர் அதை எண்ணிக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். வளையத்தில் 40 பற்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 2 மீட்டர் போகும். ஒரு வினாடியில் 400 துடிப்பு வந்தால் சக்கரம் 10 சுற்றுச் சுற்றியிருக்கிறது. வண்டி 20 மீட்டர் போயிருக்கிறது. அதாவது மணிக்கு 72 கிலோ மீட்டர் வேகம். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு!

குறுக்கே ஓர் ஆடு ஓடி வருகிறது. ஓட்டுகிறவர் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறார். ஈரச் சாலையில் சக்கரம் சுழலாமல் நின்றுவிடுகிறது. வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்போது அந்தச் சக்கரத்தின் துடிப்பு திடீரென்று நின்றுபோகும். கம்ப்யூட்டர் உடனே பிரேக்கைச் சற்றுத் தளர்த்தி மறுபடி பிடிக்கும். சக்கரம் சுழன்றுகொண்டே வேகம் குறையும். இதைத்தான் ஏ.பி.எஸ். என்கிறார்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். சக்கரத்தின் அருகே காந்தச் சென்சார் இல்லாமல் இது நடவாது. மண் படிந்து அந்தச் சென்சார் கெட்டுவிட்டால் மீட்டரில் ஏ.பி.எஸ். விளக்கு எரியும். அதைக் கவனியாமல் ஓட்டுவது தலையைப் பணயம் வைப்பதாகும்.

கோணம் அளப்பது இன்னும் வேடிக்கை. பேட்டரி ஸ்கூட்டரின் கைப்பிடிக்குள் ஒரு சிறு காந்தம் இருக்கிறது. நாம் திருகத் திருகக் காந்தமும் திரும்புகிறது. எதிரே இருக்கும் ஹால் சில்லில் வித்தியாசம் ஏறுகிறது. மோட்டாருக்கு அந்த அளவுக்கு மின்சாரம் போகிறது. முழு வட்டத்தையும் அளக்க வேண்டுமானால் ஒரு சில் போதாது. வடக்கு நோக்கி ஒன்று, கிழக்கு நோக்கி ஒன்று என்பது போல இரண்டு சில்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைப்பார்கள். இரண்டும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால் காந்தம் எந்தத் திசையில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். கார்களில் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதையும் இப்படி அளக்கலாம். எதுவும் எதையும் உரசுவதில்லை. ஆகவே தேய்மானம் இல்லை. முன்பெல்லாம் ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்து, முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கும் வண்டிகளை எத்தனை பார்த்திருக்கிறோம்!

இனி, பேட்டரி ஸ்கூட்டர் ஏன் திக்குகிறது என்பதைச் சொல்லிவிடலாம். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் அந்த மோட்டாரில் காந்தங்கள் வட்டமாக ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே கம்பிச் சுருள்கள். எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்று தெரிய, காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் மூன்று ஹால் சில்கள் அதைச் சொல்கின்றன. சுருளும் காந்தமும் மட்டும் கொண்டு ஃபாரடே முறையில் செய்த சென்சார், சக்கரம் நன்றாகச் சுழன்றால்தான் பேசும், நின்றுவிட்டால் ஊமையாகிவிடும். ஹால் சில் நின்ற வண்டியிலும் பேசும். தங்க ரேக்கில் முள் நகர்ந்த இடத்திலேயே நின்றதே, அதே குணம்தான் இது. மூன்றில் ஒன்று கெட்டாலும் மோட்டாருக்குப் புறப்படும் திசை தெரியாமல் தடுமாறுகிறது. மெக்கானிக் சில்லுக்கு 5 வோல்ட் கொடுத்து, மீட்டரை இணைத்து, சக்கரத்தை மெல்லக் கையால் உருட்டுவார். முள் மேலும் கீழும் மாறி மாறிப் போனால் அந்தச் சில் நல்லது. ஒரே இடத்தில் நின்றால் அதைக் கழற்றிவிட்டு வேறு சில் வைக்க வேண்டியதுதான்.